மரத்தின் குற்றமும் அறிஞர் கூட்டுறவும்

ஐப்பசி பிறந்து மாரி பெய்யத் தொடங்கியதும் எம்மூர் வீடுகளில் ஒரு தொல்லையும் தொடங்கிவிடுகின்றது. சித்திரை வெயிலில் சிறு காற்றுக்கும் ஆடிய கதவு, இப்பொழுது நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கின்றது. தோளாலே தள்ளித் திறக்கின்றோம். தச்சரை அழைத்தால், அவர் சீவுளியால் விளிம்பைச் சிறிது சீவிவிட்டு, "மழை விட்டால் எல்லாம் சரிவரும், மாஸ்ரர்" என்று கூறிச் செல்வார். அவர் சொல் பொய்ப்பதில்லை. மழை விட்டதும் கதவு தளர்கின்றது. சீவிய இடத்திலே இடைவெளியும் தோன்றுகின்றது. ஈரத்தில் பருப்பதும் வெயிலில் சுருங்குவதும் மரத்தின் பிறவிக் குற்றம் என்பது தச்சர் துணிபு. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் வகுப்பிலே தச்சர் ஒருவரின் மகன் எழுந்து, "சேர், மழைக்குக் கதவு அகலத்திலேதானே பருக்கிறது? உயரத்திலே ஏன் பருப்பதில்லை?" என்று வினவினான். அன்று நாம் உரைநடைப் பாடம் நடாத்திக்கொண்டிருந்தோம். "அது விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்கவேண்டிய வினா, இது தமிழ்ப் பாடம்" என்று கூறி அவனை இருத்தினோம். அவனோ உயர்தர வகுப்பிலே கலைப்பிரிவிற் பயின்றவன். விஞ்ஞான ஆசிரியரின் வகுப்பறைக்குள் அவனுக்கு இடமில்லை. அவன் எவரிடமேனும் விடை பெற்றானா என்று நாம் பின்னர் விசாரித்தோமும் அல்லேம்.

அவ் வினாவையே பல துறை அறிஞர் ஒருங்கிருந்து வினவி, அதற்குக் கண்ட விடையைக் கொண்டே ஜேர்மனி நாட்டில் 14 மீற்றருக்கு மேல் உயர்ந்த கோபுரமொன்றை எழுப்பினர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது, நாம் உண்மையிலேயே நாணினோம். அந்நாணத்தின் பயனாய் எழுந்ததே இக் கட்டுரை. ஸ்ருட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூட்டத்தார் யார், அவர் செய்தது யாது, அதனால் நாம் பெறும் பாடம் யாது என்பவற்றை முறையே காண்பாம்.

மரம் பருக்கும் முறை

முதற்கண் அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறுவது எம் கடன். மரம் என்பது நுண்ணிய குழாய்களை நெருக்கி அடுக்கிய ஒரு கட்டுப் போன்றது. அக் குழாய்களே மரத்தின் கலங்கள். அவற்றுட் பெரும்பாலானவை மரம் நின்ற திசையிலேயே நெடுக அமைந்துள்ளன. ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் செலுலோசு என்னும் பொருளாலாகிய மிக நுண்ணிய இழைகள், பெரும்பாலும் நெடுக்குவாட்டில், கயிற்றுப் புரிபோலச் சுற்றிக் கிடக்கின்றன. மழைக் காலத்துக் காற்றிலுள்ள ஈரம் கலச்சுவரினுள்ளே புகும்போது, நீர் இவ்விழைகளுக்கு இடையே சென்று தங்குகின்றது. இழைகள் நீள்வதில்லை, ஒன்றிலிருந்து ஒன்று விலகுகின்றன. ஆகவே மரம் அகலத்திற் பருக்கின்றது; நீளத்தில் அரிதாகவே மாறுகின்றது.

இதனை அளந்தும் கூறியுள்ளனர். பச்சை மரம் முற்றாக உலரும்போது, மரத்துக்கு மரம் வேறுபடினும், ஊசியிலை மரங்களில் ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய 4 பங்கும் சுருக்கம் ஏற்படுகின்றது. நெடுக்குவாட்டிலோ அது ஒரு பங்கிலும் மிகக் குறைவானது. ஒரே மரம் மூன்று திசைகளில் மூன்று வகையாக நடந்துகொள்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பைன் காயின் இரகசியம்

இனி, இக்குணத்தை இயற்கை எங்கேனும் பயன்படுத்துகின்றதா என்பது அடுத்த வினா. குளிர் நாடுகளில் வளரும் பைன் மரத்தின் கூம்பு வடிவான காயை எம் வாசகருட் பலர் படத்திலேனும் கண்டிருப்பர். அது மரத்திலிருந்து விழுந்து பட்டுப்போன பின்னரும், உலர்ந்த நாளில் தன் செதில்களை விரிக்கின்றது. ஈரமான நாளில் மூடிக்கொள்கின்றது. உயிரற்ற ஒரு பொருள் தசையுமின்றி நரம்புமின்றி அசைகின்றது. விதைகள் உலர்ந்த காற்றிலே தொலைவு பரத்தற்கு இஃது ஏற்ற உபாயமாகும்.

இதன் காரணத்தை 1997 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர் விளக்கினர். ஒவ்வொரு செதிலும் இரண்டு படைகளை உடையது. இருபடைகளிலும் செலுலோசு இழைகள் வெவ்வேறு கோணத்திற் சுற்றப்பட்டுள்ளன. ஈரம் ஏறும்போது ஒரு படை நீள, மற்றையது அவ்வளவு நீளாது தடுக்கின்றது. நீள்வதும் தடுப்பதும் ஒன்றோடொன்று ஒட்டியிருத்தலாற் செதில் வளைகின்றது.

இவ்விடத்தில் பௌதிகவியல் பயின்ற மாணவர், "இஃது ஈருலோகச் சட்டம் அன்றோ?" என்று கேட்பர். ஆம், வெப்பத்தில் ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டினால், சூடேறும்போது அவை வளையும். மின்னழுத்தி போன்ற கருவிகளில் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது அச் சட்டமே. அதன் வளைவைக் கணிக்கும் முறையைத் திமொஷென்கோ என்னும் பொறியியலறிஞர் 1925 இல் வெளியிட்டார். உலோகத்துக்கென எழுந்த அக் கணக்கு, வெப்பத்தின் இடத்தில் ஈரத்தை வைத்துப் பார்க்கும்போது மரத்துக்கும் பொருந்துவதாயிற்று. தாவரவியலார் காயை அறிவர். பொறியியலார் கணக்கை அறிவர். தச்சர் மரத்தை அறிவர். மூவரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்துவார் இல்லையெனின், மூன்று அறிவும் மூன்று மூலையிலே கிடந்திருக்கும்.

அறிஞர் கூடிய வரலாறு

அவ்வாறு இருத்தும் வழக்கம் ஸ்ருட்கார்ட்டில் ஒருநாளில் உண்டானதன்று. அதன் முன்னோடி பிரெய் ஒட்டோ என்னும் கட்டடக் கலைஞர் ஆவார். 1925 இற் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் விமானியாய் இருந்து, பிரான்சு நாட்டிலே போர்க் கைதியாகச் சிறைப்பட்டார். அம் முகாமிலே கட்டட வேலைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. கட்டுதற்கு வேண்டிய பொருள்களோ அங்கே மிகவும் அரியனவாயிருந்தன. இயன்ற அளவு குறைந்த பொருளால் இயன்ற அளவு நிறைந்த பயனைப் பெறவேண்டும் என்னும் கொள்கை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1961 இல் அவர் பேர்லின் நகரில் எல்ம்கே என்னும் உயிரியலறிஞரோடு சேர்ந்து, உயிரியலும் கட்டடமும் என்னும் பெயரால் ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தார். எல்ம்கே, கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பாசிகளின் ஓடுகளை ஆராய்ந்தவர். அவ்வோடுகள் மிக மெல்லியவையாயினும் வன்மை வாய்ந்தவை. 1964 இல் ஒட்டோ ஸ்ருட்கார்ட்டிலே மெல்லிய கட்டமைப்புகளுக்கான ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே அவர் சவர்க்கார நீரிற் கம்பிச் சட்டங்களைத் தோய்த்தெடுத்து, அவற்றிடையே விரியும் படலத்தின் வடிவை அளந்தார். அப் படலம் எப்பொழுதும் மிகக் குறைந்த பரப்பையே கொள்ளும். அவ்வகை ஆராய்ச்சியின் வழியிலேதான் 1972 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கு மியூனிக் நகரில் அமைந்த புகழ்பெற்ற கூரை உருவாயிற்று. 1984 முதல் 1995 வரை, இயற்கையின் கட்டமைப்புகளைப் பல துறையினரும் கூடி ஆராயும் பெருந்திட்டம் ஒன்றும் அங்கு நடைபெற்றது. 2015 மார்ச்சு 9 ஆம் நாள் ஒட்டோ காலமானார். கட்டடக் கலைக்குரிய பிரிற்ஸ்கர் பரிசு அவருக்கு வழங்கப்பட்ட செய்தி மறுநாளே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அவர் வழியை இன்று தொடர்பவருட் சிறந்தோர் இருவர். ஒருவர், 2008 இற் கணினிவழி வடிவமைப்பு நிறுவகத்தைத் தொடங்கிய அக்கிம் மெங்கெஸ் என்னும் கட்டடக் கலைஞர். மற்றவர், கட்டமைப்பு நிறுவகத்தின் தலைவராகிய யான் க்னிப்பர்ஸ் என்னும் பொறியியலாளர். இவ்விருவரோடு, பிறைபூர்க் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியர் தோமஸ் ஸ்பெக், ரியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் விலங்கியலார், தொல்லுயிரியலார் ஆகியோரும் சேர்ந்தனர். 2014 இல் மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றிணைந்த ஆராய்ச்சித் திட்டமாக இஃது அரச உதவியோடு வளர்ந்து, 2019 வரை நடைபெற்றது.

இக்கூட்டத்தார் பணிசெய்யும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். தென்னையைத் துளைக்கும் கருவண்டை நாம் அறிவோம். அதன் பறக்கும் சிறகை மூடிக் காப்பது கடினமான மேற்சிறகு. உருளைக்கிழங்குச் செடியைத் தின்னும் வண்டு முதலியவற்றின் இத்தகைய மேற்சிறகுகளை, உயிரியலார் கதிர்வீச்சுக் கருவிகளால் ஊடுருவிப் படமெடுத்தனர். மேலும் கீழுமாக இரு மெல்லிய தட்டுகளும், அவற்றை இணைக்கும் வளைந்த தூண்களும் உள்ளே காணப்பட்டன. அவ்வமைப்பைக் கணிதமாக்கி, நார்களை இயந்திரக் கரங்களாற் சுற்றி, 36 துண்டுகளை ஆக்கிப் பொருத்தியபோது 50 சதுர மீற்றர் நிலத்தை மூடும் மண்டபம் ஒன்று எழுந்தது. அதன் மொத்த நிறை 593 கிலோகிராமே. வகுப்பறையளவான கூரை ஒன்றின் நிறை, பத்து ஆட்களின் நிறையை அதிகம் கடக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

தானே வளைந்த கோபுரம்

இனி, எம் மாணவனின் கதவுக்கு மீள்வாம். மரத்தை வளைத்துப் பயன்படுத்துவதால் வரும் நன்மையை ஒரு தாளைக் கொண்டே அறியலாம். மாணவர் ஒரு தாளின் ஒரு விளிம்பைப் பிடித்து நீட்டுக, அது தொங்கிவிடும். அதனையே சிறிது குழிவாக வளைத்துப் பிடித்து நீட்டுக. அது நிமிர்ந்து நிற்கும். தாளின் தடிப்பு மாறவில்லை, வடிவே மாறிற்று. வளைவு பெற்ற மெல்லிய சுவர், வளையாத தடித்த சுவரின் வேலையைச் செய்யும். ஆகவே பொருள் மிச்சமாகும்.

ஆனால் தடித்த மரப்பலகையை வளைப்பது எளிதன்று. பெரிய அச்சுகளைச் செய்து, வலிய இயந்திரங்களால் அழுத்தவேண்டும். அன்றேற் பெருந்துண்டிலிருந்து செதுக்கியெடுக்க வேண்டும். முன்னையதற்குச் சக்தி செலவாகும். பின்னையதனால் மரம் வீணாகும். இங்கேதான் ஸ்ருட்கார்ட் அறிஞர், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள மரப்பொருளியல் அறிஞரோடு கூடி, தலைகீழான வினாவொன்றை எழுப்பினர். உலரும்போது மரம் கோணுகின்றது என்று தச்சர் உலகெங்கும் குறைகூறுகின்றனரே. நாம் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு, வேண்டிய பக்கத்துக்கு அது தானே கோணும்படி செய்தால் என்ன?

அவ்வாறே செய்தனர். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பலகைகளை, நூற்றுக்கு 22 பங்கு ஈரப்பதன் இருக்கும்போதே, ஒரு படையின் வரிகள் மற்றப் படையின் வரிகளுக்குக் குறுக்காக அமையுமாறு ஒட்டினர். அப்பொழுது அவை தட்டையானவை. பின்னர் மர ஆலைகளில் வழக்கமாகப் பயன்படும் உலர்த்தும் அறையிலே அவற்றை வைத்து, ஈரப்பதனை 12 பங்குக்குக் குறைத்தனர். ஒரு படை சுருங்க, மறுபடை தடுக்க, பைன் காயின் செதிலைப்போலப் பலகைகள் தாமே வளைந்தன. எவ்வளவு வளையும் என்பதை முன்னரே கணித்திருந்தனர். வளைந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதும் அவ்வளைவு நிலைபெற்றது.

இவ்வாறு ஆகிய 12 வளைந்த துண்டுகளைக் கொண்டு, 2019 இல் ஸ்ருட்கார்ட்டுக்கு அண்மையிலுள்ள ரெம்ஸ் பள்ளத்தாக்கில் நடந்த தோட்டக் கண்காட்சிக்காக, உர்பாக் என்னும் ஊரின் குன்றுச் சாரலில் ஒரு கோபுரம் எழுந்தது. அதன் உயரம் 14.2 மீற்றர், சுவரின் தடிப்போ 9 சதம மீற்றர். ஆலையிலேயே ஆயத்தமாக்கிய பகுதிகளைத் தொழிலாளர் நால்வர் ஒரே நாளிற் பொருத்தி முடித்தனர். மேலே திறந்த வாயிலூடு சூரியவொளி வளைந்த சுவர்களில் வழிந்து இறங்கும்படி அமைந்த அக் கோபுரம், வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடமாய் விளங்குகின்றது. அச்சும் இல்லை, அழுத்தும் இயந்திரமும் இல்லை. கதவை இறுக்கிய அதே குற்றம், அங்கே கோபுரத்தை வளைத்த கைத்தொழிலாளியாயிற்று.

நிலைபேறும் அதன் எல்லையும்

இவ்வாராய்ச்சி வெறும் விந்தைக்காக எழுந்ததன்று. ஐக்கிய நாடுகளின் சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 இல் உலகில் எரிபொருளாலும் உற்பத்தித் தொழில்களாலும் வெளிப்பட்ட காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு, கட்டடங்களைக் கட்டுவதாலும் பயன்படுத்துவதாலும் உண்டானது. சுண்ணக்கல்லைச் சுட்டுச் சீமெந்து ஆக்கும்போது, எரிக்கும் நெருப்பிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தும் அவ்வாயு பிரிகின்றது. மரமோ வளருங்காலத்தில் அவ்வாயுவை உட்கொள்வது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி காபனே. கட்டடத்தில் மரம் நிலைத்திருக்கும்வரை அக் காபன் காற்றுக்குத் திரும்புவதில்லை. அடுத்த தலைமுறைக்கு உரியதை அழிக்காது இத்தலைமுறை கட்டிக்கொள்வதே நிலைபேறான கட்டடக்கலை எனப்படும்.

எனினும், புகழ்ச்சியோடு நிறுத்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. வெட்டிய மரத்துக்கு ஈடாக நட்டு வளர்க்காத நாட்டில் மரக் கட்டடம் நிலைபேறு உடையதாகாது. மேலே கூறிய வண்டு மண்டபத்திற் பயன்பட்ட நார்கள் கண்ணாடி நாரும் காபன் நாரும் ஆகும். அவற்றைப் பிணைத்தது செயற்கைப் பிசின். அவற்றை ஆக்குதற்குப் பெருஞ் சக்தி வேண்டும். மண்ணில் அவை மக்குவதுமில்லை. பொருளிற் சிக்கனம் கண்டோர், பொருளின் தன்மையிற் குறை வைத்தனர் எனலாம். அக்குறையை நீக்கும் முயற்சி பின்னர் எழுந்தது. 2021 இல் பிறைபூர்க் தாவரவியற் பூங்காவில் எழுப்பிய மண்டபத்தின் சட்டங்களை ஆளிச் செடியின் நாராற் சுற்றி அமைத்தனர். கள்ளிகளின் உள்ளே வலைபோல அமைந்த மரப்பகுதியே அதற்கு முன்மாதிரி. 46 சதுர மீற்றர் நிலத்தை மூடிய அதன் நார்ச் சட்டகம் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் நிறையுடையது. பிசின் முற்றாக நீங்கவில்லையாயினும், ஆண்டுதோறும் வயலில் விளையும் நார் அங்கே முதன்முறையாகச் சுமை தாங்கியது.

2023 இல் அதே நகரில் கட்டிய மற்றொரு மண்டபத்தின் சாளரத்தில், செலுலோசாலாகிய மெல்லிய தகடுகளை அச்சிட்டுப் பொருத்தினர். குளிர்ந்த ஈரமான மாரிகாலத்தில் அவை சுருண்டு வெயிலை உள்ளே விடுகின்றன. வெப்பமான உலர்ந்த கோடையில் விரிந்து வெயிலை மறைக்கின்றன. மின்சாரமும் வேண்டா; ஏவலாளும் வேண்டா. காயின் செதில் சாளரமாயிற்று.

கூட்டுறவின் இலக்கணம்

இக்கூட்டத்தாரின் வெற்றிக்குக் காரணம் பெருஞ் செல்வமும் நுண்ணிய கருவிகளும் மாத்திரமோ என்று ஆராயின், அன்று என்பதே விடை. அவர்கள் ஒருவர் வாயிலிருந்து பிறந்த வினாவை மற்றவர் வினாவாக ஏற்றுக்கொண்டனர். கட்டடக் கலைஞர் தாவரவியலாரிடம் ஒரு படத்தைக் கடன்வாங்கிச் சென்றுவிடவில்லை. கட்டும்போது கண்ட உண்மைகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். பொறியியலாரின் கணக்கு முறைகளால், உயிரியலார் தம் தாவரத்தையும் வண்டையும் முன்னிலும் நன்கு விளங்கிக்கொண்டனர். கொடுத்தல் ஒரு பக்கமும் கொள்ளல் ஒரு பக்கமுமாய் இருப்பது கூட்டுறவு ஆகாது, அது கைம்மாற்றே. ஒவ்வொருவரும் தம் துறையில் ஆழ்ந்தவராயும் பிற துறையிற் பணிவுள்ள மாணவராயும் இருத்தலே கூட்டுறவின் இலக்கணம் என்க.

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாரும் எல்லாம் பயிலவேண்டும் என்று யாம் கூறுகின்றோமோ? அன்று. ஸ்பெக் தாவரவியலை விட்டுக் கட்டடம் வரையப் புகவில்லை. க்னிப்பர்ஸ் பொறியியலை விட்டு வண்டுபிடிக்கச் செல்லவில்லை. ஆழமின்றிப் பரந்த அறிவு, அகன்ற தாம்பாளத்தில் ஊற்றிய நீர்போல விரைவில் வற்றிவிடும். வேண்டுவது, கிணறுகளுக்கிடையே வாய்க்காலே.

எம் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளர் உளர்; வைத்தியர் உளர்; கமக்காரர், கட்டட ஒப்பந்தகாரர், எழுத்தாளர், ஆசிரியர் உளர். ஆண்டுக்கொருமுறை விருந்துண்டு பழங்கதை பேசிப் பிரிவதோடு அமையாது, அவர்கள் வகுப்பறைக்கு வந்து தம் தொழிலில் எழுந்த வினாக்களை எம் மாணவர்க்குக் கூறுவாராயின், அதனினும் சிறந்த விழாக் கொண்டாட்டம் பிறிதில்லை. மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்று: நீர் பயிலும் பிரிவு உமது வகுப்பின் பெயர், அஃது உமது அறிவின் வேலியன்று.

எம்மைப்போன்ற ஆசிரியர்க்குக் கூறவேண்டியதை எமக்கே கூறிக்கொள்கின்றோம். இம் மாரியில், எம் வீட்டுக் கதவு மீண்டும் இறுகிற்று. அதனைச் சீவ வந்த தச்சரோடு அவருடைய மகனும் வந்திருந்தான். அன்று எம் வகுப்பிலே எழுந்து நின்றவன் அவனே. இன்று தந்தையின் தொழிலைச் செய்கின்றான். வேலை முடியும்வரை திண்ணையில் அவனை இருத்தி, மேலே எழுதியவற்றை நாம் அவனுக்கு விளக்கினோம். அவன் பொறுமையாகக் கேட்டான். பின்பு சீவிய விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே, "அப்பிடியெண்டால், சேர், பலகை அறுக்கும்போதே வரி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாத்து அறுக்கவேணும், ஐயா அதைத்தான் எனக்கு முதல்நாளே சொல்லித் தந்தவர்" என்றான்.

அவன் விடையை எம்மிடமிருந்து பெறவில்லை. எம்மிடமிருந்தது பாதி, அவன் தந்தையிடமிருந்தது பாதி. இரண்டையும் அன்றே எம் வகுப்பறையிற் சேர்த்திருக்கலாம். சேர்க்காது விட்ட தவறு எம்முடையதே. இனி ஒரு மாணவன் பாடத்துக்குப் புறம்பான வினாவோடு எழுந்து நிற்பானாயின், அவனை இருத்துவதற்கு முன்னர் நாம் ஒரு கணம் தாமதிப்போம். அக் கணத்திலிருந்தே கோபுரங்கள் எழுகின்றன.